மழைக்குள் திறந்திருக்கும் முக்கோணக் கண்ணாடி

கார்த்திகை மழை கொட்டும் ஒரு பின்னேரம், சுன்னாகம் சந்தையடியில் ஒதுங்கி நின்று காங்கேசன்துறை வீதியில் போகிற வாகனங்களைப் பாருங்கள். ஜப்பான் வான்கள் எல்லாக் கண்ணாடிகளையும் இறுக்கிப் பூட்டிக்கொண்டு போகும். எப்போதாவது ஒரு பழைய மொறிஸ் மைனர் வரும். அதன் முன்கதவில் இருக்கிற சின்ன முக்கோணக் கண்ணாடி மட்டும் திறந்திருக்கும். சாரல் உள்ளே அடித்து ஓட்டுகிறவரின் வலது தோள் நனைந்துகொண்டிருக்கும். பின் இருக்கையிலிருந்து "மூடுங்கோ அம்மப்பா, நனையுது" என்று பேரப்பிள்ளை கத்தினாலும் அவர் மூடமாட்டார். மூடினால் சில நிமிடங்களுக்குள் முன்கண்ணாடி வெளுத்து மங்கிவிடும் என்பது அவருக்கு ஆண்டுக்கணக்கான பழக்கத்தில் தெரியும்.

பேரப்பிள்ளைக்குப் பள்ளிக்கூட விஞ்ஞானம் தெரிந்திருந்தால் ஒரு நல்ல கேள்வி கேட்கலாம். மழை பெய்யும்போது வெளிக்காற்று ஈரத்தால் நிரம்பியிருக்கிறது. சாரீரப்பதன் 100 சதவீதத்தைத் தொட்டு நிற்கிறது. அவ்வளவு ஈரமான காற்றை உள்ளே விட்டுக் கண்ணாடியை உலர வைப்பது எப்படி? தர்க்கப்படி பார்த்தால் கண்ணாடி இன்னும் மங்க அல்லவா வேண்டும்? ஆனாலும் அது தெளிகிறது. அம்மப்பாவின் பழக்கம் சரி, கேள்வியும் சரி. இரண்டும் எப்படி ஒத்துப்போகின்றன என்பதைப் புரிந்துகொண்டால் பழைய காரின் கண்ணாடியைப் பற்றித் தெரியவேண்டியதில் முக்கால்வாசி தெரிந்துவிடும்.

இந்தக் கார்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏன் இவ்வளவு காலம் நின்றன என்பது தனிக் கதை. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1956 வரை அதன் முன்கண்ணாடி நடுவில் கம்பி வைத்த இரண்டு தட்டைத் துண்டுகள். அதன் பிறகு ஒரே வளைந்த கண்ணாடி. அதே காலத்தில் ஒஸ்ரின் ஏ-40, பின்னர் கேம்பிறிட்ஜ் என்று பல வந்திறங்கின. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கையில் கார் இறக்குமதி இறுகிப்போக, வந்தவற்றையே திருத்தித் திருத்தி ஓட்டவேண்டியதாயிற்று. 1990இல் போரின் நடுவே வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்ததும் அந்தத் திருத்தும் கலை உச்சிக்குப் போனது. பெற்றோல் கிடையாத ஊரில் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவில் இருந்த பழைய பிரித்தானிய இயந்திரங்கள் அதைச் சகித்துக்கொண்டன. புதிய இயந்திரங்களாக இருந்திருந்தால் தட்டித் தட்டியே செத்திருக்கும். மண்ணெண்ணெய்க்கும் கண்ணாடிக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அது பின்னால்.

முதலில் அந்தக் கேள்வி. ஒரு கனமீற்றர் வெளியில் இருக்கக்கூடிய நீராவிக்கு ஓர் உச்ச அளவு உண்டு. அது வெப்பநிலையைப் பொறுத்தது. 0 பாகை செல்சியஸில் அந்த உச்சம் 5 கிராமுக்கும் சற்றுக் குறைவு. 10 பாகையில் 9 கிராம் சொச்சம். 24 பாகையில் ஏறத்தாழ 22 கிராம். 28 பாகையில் 27 கிராம். ஓரிடத்துக் காற்றில் உள்ள நீராவி எந்த வெப்பநிலைக்கு உச்சமாக இருக்குமோ, அதுதான் அந்தக் காற்றின் பனிபடுநிலை. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீராவி ஒடுங்கி நீராகும். கண்ணாடி மங்குகிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது இந்த ஒப்பீடு ஒன்றுதான்: கண்ணாடியின் வெப்பநிலை எவ்வளவு, அதைத் தொடுகிற காற்றின் பனிபடுநிலை எவ்வளவு. காற்று "ஈரமா, உலர்வா" என்று பொதுப்படக் கேட்டால் பதில் கிடைக்காது.

மழையில் ஓடுகிற காரின் முன்கண்ணாடி சில மில்லிமீற்றர் தடிப்பம்தான். அதன் வெளிப்புறத்தில் மழைநீர் வழிகிறது, காற்று மோதுகிறது. ஆகவே அது வெளியின் வெப்பநிலையை ஒட்டியே நிற்கும். 24 பாகை என்று வைத்துக்கொள்வோம். வெளிக்காற்று எவ்வளவு ஈரமாக இருந்தாலும் அதன் பனிபடுநிலை அதன் சொந்த வெப்பநிலையைத் தாண்ட முடியாது. நூறு சதவீத ஈரத்திலும் அது 24 பாகைதான். அதாவது வெளிக்காற்று உள்ளே வந்து கண்ணாடியைத் தொட்டால், அதிகபட்சம் எல்லைக்கோட்டில் நிற்குமேயொழிய அதைத் தாண்டி நீரை உதறாது. உள்ளே இருக்கும் மனிதர்களின் சூட்டாலும் போனட்டுக்குள்ளிருந்து வரும் சூட்டாலும் கண்ணாடியின் உட்புறம் ஒரு பாகையாவது கூடுதலாக இருக்கும். அந்த ஒரு பாகை போதும், படிந்த ஈரம் மெல்ல மெல்ல ஆவியாகிவிடும்.

பூட்டிய காருக்குள் இருக்கும் காற்று அப்படியல்ல. அது வெளிக்காற்றைவிடச் சூடானது. கூடவே மனிதர்கள் அதற்குள் நீரைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். நாம் வெளிவிடும் மூச்சு ஏறத்தாழ உடலின் சூட்டில், நீராவி நிரம்பி வருகிறது. தோலிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாமல் நீர் ஆவியாகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் இரண்டு வழியிலும் மணிக்கு 30 முதல் 50 கிராம் நீரைக் காற்றில் விடுகிறார். நான்கு பேர் என்றால் 160 கிராம் என்று கொள்ளலாம். மொறிஸ் மைனர் போன்ற சின்னக் காரின் உள்வெளி இரண்டரைக் கனமீற்றர் அளவு. 24 பாகையில் நிரம்பிய காற்றாகத் தொடங்கினால் அதில் ஏற்கெனவே சுமார் 55 கிராம் நீராவி இருக்கிறது. 28 பாகைக்குச் சூடானாலும் 68 கிராமுக்கு மேல் இடமில்லை. மிச்சமிருக்கும் 13 கிராமை நான்கு பேரும் சேர்ந்து ஐந்தே நிமிடத்தில் நிரப்பிவிடுவார்கள். உண்மையில் அவ்வளவு நேரம்கூடப் பிடிக்காது. உள்காற்றின் பனிபடுநிலை கண்ணாடியின் வெப்பநிலையைக் கடந்த கணமே மங்கல் தொடங்கிவிடும்.

மங்கலுக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்று கணக்குப் போட்டால் இன்னும் வியப்பு. மைனரின் முன்கண்ணாடிப் பரப்பைச் சதுரமீற்றரில் பத்தில் நான்கு என்று எடுங்கள். அதில் சராசரியாக ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு தடிப்பத்துக்கு நீர் படிந்தால் முன்னால் வருவது லொறியா மாட்டுவண்டியா என்று தெரியாது. அந்த நீர் மொத்தம் 4 கிராம். ஒரு தேக்கரண்டி கூட இல்லை.

இதுவரை மனித மூச்சை மட்டும்தான் கணக்கில் எடுத்தோம். சந்தைக்குப் போய்த் திரும்புகிற கார் என்றால் ஈரச் சாக்கு, கீரைக்கட்டு, சொட்டும் குடை, தோய்ந்த சாரம் எல்லாம் சேர்ந்து ஏறும். பழைய காருக்கே உரிய இன்னொரு ஊற்று காலடியில் இருக்கிறது. முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் அறுபது ஆண்டு வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். அதன் வழியே மழைநீர் கசிந்து டாஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கி, தரை விரிப்பின் அடியில் உள்ள சணல் மெத்தையை ஊறவைக்கும். மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்துதான் இருக்கும். அடியில் லீற்றர் கணக்கில் நீர் தேங்கி நிற்கும். மழை விட்ட மறுநாள் காலையிலும், யாருமே ஏறாத காரின் கண்ணாடி உட்புறம் மங்கிக் கிடந்தால் காரணம் அநேகமாக இதுதான். கண்ணாடியை எத்தனை முறை துடைத்தாலும் பயனில்லை. விரிப்பைத் தூக்கி வெயிலில் போட்டு, பீடிங்கை மாற்றி, கதவின் அடியிலும் முன்கண்ணாடிக்குக் கீழேயும் உள்ள வடிகால் துளைகளில் அடைந்திருக்கும் வேப்பஞ் சருகை ஒரு கம்பியால் குத்தி எடுக்கவேண்டும். அந்த ஈரம் தரைத்தகட்டையும் தின்கிறது. உப்புக்காற்று ஊரில் அதன் வேகம் அதிகம். கண்ணாடி மங்குவதைத் தகடு உக்கப்போவதற்கான முன்னறிவிப்பு என்றே எடுத்துக்கொள்ளலாம்.

முக்கோணக் கண்ணாடிக்கு வருவோம். அது நட்டுக்குத்தான அச்சில் திரும்புவது. கொஞ்சமாகத் திறந்தால் முன்விளிம்பு உள்ளேயும் பின்விளிம்பு வெளியேயும் போகும். ஓடுகிற காரில் அந்தப் பின்விளிம்பைத் தாண்டி விரையும் காற்று அங்கே அமுக்கத்தைக் குறைத்து, உள்ளே உள்ள காற்றை வெளியே இழுக்கும். முழுக்கத் திருப்பிவிட்டால் அது எதிர்க்காற்றை அள்ளி உள்ளே கொட்டும். வெயில் காலத்துக்கு அது சுகம், மழையில் குளிப்பாட்டும். மழைக்கு ஏற்றது முதல் வகை: இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்தால் போதும். வெளியேறும் காற்றுக்கு ஈடாக வேறு இடுக்குகளால் புதுக்காற்று வரும். இங்கே ஓர் எச்சரிக்கை. அந்த இடுக்குகள் போனட் பக்கத்திலிருந்து மிதிகளின் துளைகள் வழியாக வருபவையாக இருந்தால், புகைக்குழாய் இணைப்பில் கசிவுள்ள காரில் காபனோரொட்சைட்டும் கூடவே வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அந்தத் துளைகளுக்கு ரப்பர் உறை போட்டு அடைப்பது, கண்ணாடி தெளிவாக இருப்பதைவிட முக்கியம்.

இங்கிலாந்தில் இதே பிரச்சினைக்கு ஹீற்றர்தான் பதில். றேடியேற்றருக்குப் போகும் சுடுநீரில் ஒரு பகுதியைச் சின்ன சுருள்குழாய்ப் பெட்டிக்குத் திருப்பி, அதன் மேலாகக் காற்றை ஊதிக் கண்ணாடியின் அடிவிளிம்பில் விடுவார்கள். மைனரின் காலத்தில் ஹீற்றர் என்பது கூடுதல் பணம் கொடுத்துப் போட்டுக்கொள்ளும் உபகரணம். வெயில் நாட்டுக்காரர் எவர் அதற்குப் பணம் கொடுப்பார்? அந்த முடிவு தவறு என்பது என் கருத்து. 24 பாகையில் நூறு சதவீதம் ஈரமாக இருக்கும் மழைக்காற்றை எடுத்து, ஒரு துளி நீரையும் அகற்றாமல், 29 பாகைக்குச் சூடாக்கினால் அதன் சாரீரப்பதன் 74 சதவீதமாக இறங்கும். 40 பாகைக்குச் சூடாக்கினால் 40 சதவீதம். அது உலர்ந்த, தாகமெடுத்த காற்று. படிந்த ஈரத்தை அது உறிஞ்சும் வேகமே வேறு. வெயில் ஊரிலும் மழைக்காலம் உண்டு. அந்த இரண்டு மூன்று மாதங்களுக்குள்தான் யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழையில் பெரும்பகுதி கொட்டித் தீர்க்கிறது. ஹீற்றர் இருந்து, அதைக் கழற்றித் தூக்கிப் போட்ட கராஜ்காரர்கள் பலர். அந்தப் பெட்டியைத் தேடி எடுத்து மீண்டும் பூட்டுவது நல்லது.

மின்சாரத்தால் சூடாக்கலாமே என்று கேட்பார்கள். பழைய காரின் டைனமோ அதற்கு இடம்கொடாது. லூக்காஸ் சி-40 வகை டைனமோவின் உச்ச வெளியீடு 22 அம்பியர். 12 வோல்ற்றில் அது 264 வாற்று. அதுவும் இயந்திரம் நன்றாகச் சுற்றும்போதுதான். சந்தியில் நின்று உறுமும்போது ஏறத்தாழ ஒன்றுமில்லை. இரவு மழையில் முன்விளக்குகள், வைப்பர், எரிபற்றல் எல்லாம் தம் பங்கை எடுத்த பிறகு மிஞ்சுவது சொற்பம். இன்றைய கார்களின் சூடேறும் கண்ணாடிகள் பல நூறு வாற்றைக் குடிப்பவை. ஆகவே டாஷ்போர்டில் ஒட்டும் சின்ன மின்விசிறியோடு நிறுத்திக்கொள்ளலாம். அதைப் பூட்டும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும்: அக்காலத்துப் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பற்றரியின் நேர்முனைதான் உடற்தகட்டோடு இணைந்திருக்கும். இன்றைய விசிறியின் கறுப்பு வயரை வழக்கம்போலத் தகட்டில் பூட்டினால் விசிறி எதிர்த்திசையில் சுற்றும். உள்ளே இலத்திரன் சுற்று இருந்தால் புகைந்துபோகும். இன்னொன்று, எல்லாக் கண்ணாடிகளையும் பூட்டிவிட்டு விசிறியை மட்டும் போட்டால் ஈரக் காற்றை இன்னும் வேகமாகக் கண்ணாடியில் மோதவிடுகிறோம், மங்கல் கூடும். விசிறி என்பது திறந்த கண்ணாடிக்குத் துணை. அதற்கு மாற்று அல்ல.

இனிக் கண்ணாடியின் மேற்பரப்பு. ஒரே அளவு நீர், ஒரு கண்ணாடியில் பார்வையை முழுக்க மறைக்கும். இன்னொன்றில் ஏறத்தாழ மறைக்காது. சுத்தமான கண்ணாடியை நீர் விரும்பும். அதில் பரந்து மெல்லிய படலமாகும். படலம் தட்டையாக இருப்பதால் ஒளி நேராகக் கடந்துவிடும். எண்ணெய்ப்பசை உள்ள கண்ணாடியில் நீர் ஒட்டாமல் நுண்துளிகளாகக் குவியும். ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி வில்லை. எதிரே வரும் வாகனத்தின் விளக்கொளியை அவை ஆயிரம் திசைகளில் சிதறடிக்கும். மங்கல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தச் சிதறலைத்தான்.

பழைய காரின் கண்ணாடியில் எண்ணெய்ப்பசை எங்கிருந்து வருகிறது? முதலாவது, உள்ளங்கை. மங்கியதும் கையால் ஒரு வட்டம் துடைப்பது எல்லோருக்கும் கைவந்த பழக்கம். தோலின் கொழுப்பை அப்படியே பூசிவிட்டு வருகிறோம், அடுத்த முறை அந்த வட்டம்தான் முதலில் மங்கும். இரண்டாவது, இருக்கை உறையும் டாஷ்போர்டும் வெயிலில் காயும்போது அவற்றிலிருந்து ஆவியாகி வந்து கண்ணாடியில் படியும் பிளாத்திக்குப் பதார்த்தங்கள். மூன்றாவது, புகை. மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தில் முழுமையாக எரியாத எண்ணெய் நீலப்புகையாகவும் நெடியாகவும் காருக்குள்ளே சுற்றியது. பெற்றோலைவிட அதிக வெப்பநிலையில் ஆவியாகும் எரிபொருள் அது. குளிர்ந்த இயந்திரத்தில் சரியாக ஆவியாகாமல் துளிகளாகவே போய்ப் பாதி எரிந்து வெளியேறும். அது கண்ணாடியில் படிந்தால் நீர் துளித்துளியாக உருள்வதில் என்ன அதிசயம்!

கழுவலாம் என்றால், எதால் கழுவுவது என்பது சுன்னாகம் இருக்கிற வலிகாமத்தில் ஒரு பிரச்சினை. குடாநாட்டின் நிலத்தடி சுண்ணக்கல். சுன்னாகத்துக் கிணற்று நீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டு வருகிற வன்னீர். செம்மண் தூசு படிந்த கண்ணாடியில் அதை ஊற்றிக் காயவிட்டால் கல்சியம் காபனேற்று வெள்ளைத் திட்டுகளாகப் படியும். அந்தத் திட்டுகள் சொரசொரப்பானவை. துளிகள் ஒடுங்கத் தொடங்க வசதியான இடங்கள். வைப்பர் ரப்பரும் அவற்றில் உரசித் தேயும். இதற்கு மருந்து வீட்டிலேயே இருக்கிறது: தேசிக்காய்ப் புளி அல்லது வினாகிரி. அமிலம் காபனேற்றைக் கரைத்துக் காபனீரொட்சைட்டாக்கி விடும். ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தால் போதும். நிக்கல், குரோமியப் பூச்சுள்ள சட்டங்களில் வழியவிடாமல் பார்க்கவேண்டும். கடைசி அலசலுக்குக் கூரையிலிருந்து பிடித்த மழைநீர், அதுவும் முதல் மழை கழிந்த பிறகு பிடித்தது. சுண்ணாம்பே இல்லாத நீர் அது, இலவசமாக வருகிறது.

சுத்தப்படுத்திய பிறகு மெல்லச் சவர்க்காரம் பூசித் துணியால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தேய்த்து எடுப்பது பழைய உத்தி, நல்ல உத்தி. சவர்க்கார மூலக்கூறின் ஒரு முனை நீரை விரும்பும், மறுமுனை வெறுக்கும். அது நீரின் மேற்பரப்பு இழுவிசையைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடுவதால் துளி துளியாக நிற்க முடியாமல் படலமாகப் படுத்துவிடும். ஈரம் படியும்; ஆனால் பார்வை மறையாது. வைப்பர் பழுதான சாரதிகள் மழையில் வெளிக்கண்ணாடியில் புகையிலையைத் தேய்ப்பதும் இந்த வகைதான். சுருட்டுக்குப் பேர்போன ஊரில் அதற்குப் பஞ்சமே இருந்ததில்லை. வெட்டிய உருளைக்கிழங்கைத் தேய்ப்பவர்களும் உண்டு. மூன்றிலும் சவர்க்காரத்துக்கே என் வாக்கு: புகையிலைச் சாறு வெயிலில் காய்ந்தால் பழுப்புக் கறையாகி எதிர்வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும், கிழங்கின் மாப்பசை தூசைப் பிடித்துக்கொள்ளும்.

சவர்க்காரக் காரியம் என்று யாரும் இளக்காரமாக நினைக்கவேண்டாம். 1966 ஜூன் 5ஆம் திகதி ஜெமினி-9ஏ விண்கலத்துக்கு வெளியே இறங்கி மிதந்த யூஜின் சேர்ணனுக்கு நடந்தது இதேதான். எதிர்பார்த்ததைவிட வேலை கடினமாக இருந்ததால் வியர்த்தது, மூச்சு வாங்கியது. விண்ணுடையின் குளிரூட்டல் தாங்கவில்லை. தலைக்கவசத்தின் முகக்கண்ணாடி உட்புறம் மங்கிப்போனது. கையால் துடைக்க வழியில்லை. மூக்கால் தேய்த்து ஒரு சின்னத் துவாரம் போல ஆக்கி அதனூடாகப் பார்த்தார். திட்டமிட்ட பயிற்சியை இடையில் கைவிட்டுக் கலத்துக்குத் திரும்பவேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு போன ஜெமினி வீரர்களின் முகக்கண்ணாடிகளுக்கு மங்கல் தடுக்கும் திரவம் பூசினார்கள். அடிப்படை அதே: துளியைப் படலமாக்கு.

மழை முடிந்து மார்கழி, தை வந்தால் ஈரம் கண்ணாடியின் மறுபக்கத்துக்குப் போய்விடும். விடியற்காலையில் சந்தைக்குப் புறப்படுகிறவர் காரின் முன்கண்ணாடி முழுக்க வெளிப்புறம் நனைந்திருப்பதைப் பார்ப்பார். மழையும் பெய்யவில்லை, காருக்குள் யாரும் மூச்சும் விடவில்லை. மேகமில்லாத இரவில் கண்ணாடி செந்நிறக்கீழ்க் கதிர்களாகத் தன் வெப்பத்தை வானத்துக்கு அனுப்பிவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடச் சில பாகை குளிர்ந்துபோகிறது. அந்தக் குளிர்ச்சி காற்றின் பனிபடுநிலைக்குக் கீழே போனதும் பனித்துளி பிடிக்கும். அது மேலிருந்து விழுவது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். பனித்துளி பற்றி 1814இல் நூல் எழுதிய வில்லியம் சார்ள்ஸ் வெல்ஸ் என்ற மருத்துவர், இலண்டன் பக்கத்துத் தோட்டத்தில் இரவிரவாகக் கம்பளிப் பஞ்சை நிறுத்து நிறுத்துச் சோதனை செய்தார். திறந்த வானத்தைப் பார்த்த பஞ்சு அதிக நீரைச் சேர்த்தது; பலகைக்கு அடியில் வைத்தது குறைவாகச் சேர்த்தது. வானத்தை மறைத்தால் பொருள் அவ்வளவாகக் குளிராது, குளிராவிட்டால் பனி பிடிக்காது.

அந்தச் சோதனையை யாழ்ப்பாணத்தில் எவரும் செய்யலாம். அறியாமலே செய்துகொண்டும் இருக்கிறார்கள். கிடுகுக் கொட்டிலுக்குள் நிறுத்திய காரின் கண்ணாடி காய்ந்திருக்கும். மாமரத்துக்குக் கீழே நிறுத்தியது ஓரளவு காய்ந்திருக்கும். முற்றத்து வெளியில் நிறுத்தியது நனைந்திருக்கும். கொட்டிலுக்குச் சுவர் தேவையில்லை, கூரை மட்டும் போதும். கூரையும் இல்லாதவர் ஒரு கிடுகையோ பழைய பாயையோ முன்கண்ணாடிமேல் சாய்த்து வைத்தால் போதும். இந்தப் பனிக்கு வைப்பர் ஒரு சுற்று அடித்தாலே தீர்ந்துவிடும் என்பதால் யாரும் இதைப் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் காய்ந்த செம்மண் தூசும் பனியும் சேர்ந்த சேற்றைக் காய்ந்துபோன வைப்பர் ரப்பரால் இழுத்தால் கண்ணாடியில் வில்வடிவக் கீறல்கள் விழும். முதலில் ஒரு செம்பு நீர் ஊற்றிவிட்டு அடிப்பது நல்லது.

குளிரூட்டியுள்ள புதிய வான்களுக்கும் மங்கல் வெளிப்புறத்தில்தான் வரும், மழைக்காலத்திலேயே. குளிர்ந்த காற்றை நேரே முன்கண்ணாடியில் அடிக்கவிட்டால் கண்ணாடி 20 பாகைக்கு இறங்கும். வெளியே பனிபடுநிலை 24. குளிர்ந்த சோடாப் போத்தலின் வெளிப்புறம் வியர்ப்பது போலக் கண்ணாடி வெளியே வியர்க்கிறது. சாரதி உள்ளே துடைத்துத் துடைத்துப் பார்ப்பார். போகாது. இன்னும் குளிரைக் கூட்டுவார், இன்னும் மங்கும். விரலால் உட்புறம் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாலே எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். வெளிப்புறம் என்றால் வைப்பரைப் போட்டுவிட்டு, குளிர்காற்றின் வாயைக் கண்ணாடியிலிருந்து திருப்பிவிடவேண்டும்.

உறைபனி சுன்னாகத்துக்கு வராது. ஆனால் சுன்னாகத்துக் கார் உறைபனிக்குப் போகும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தை, மாசி மாதங்களின் தெளிந்த சில இரவுகளில் புல்லும் தேயிலைக் கொழுந்தும் வெள்ளை பூத்துக் கருகும். அங்கே வானத்தைப் பார்த்து நின்ற கண்ணாடி 0 பாகைக்குக் கீழே இறங்கினால் நீராவி நீராகாமலே நேரடியாகப் பனிப்பளிங்காகப் படியும். செய்யவேண்டியது மீண்டும் அதே கூரை வேலை: இரவில் கண்ணாடிமேல் ஒரு கடதாசி மட்டை அல்லது போர்வை. மறந்துவிட்டால் மதுசாரமும் நீரும் கலந்து தெளிக்கலாம். மதுசாரம் உறைநிலையை 0 பாகைக்கு வெகு கீழே தள்ளிவிடுவதால் பளிங்கு தானாகக் கரையும். பொறுமை இருந்தால் வெயில் ஏறும்வரை தேநீர் குடிக்கலாம்.

கனடாவின் ஸ்காபரோவில் குடியேறிய யாழ்ப்பாணத்தாருக்கு இது நாளாந்த வேலை. அங்கே இன்னொரு வகையும் உண்டு: சப்பாத்தில் ஏறி வந்த பனி காருக்குள் உருகி ஆவியாகி, இரவில் கண்ணாடியின் உட்புறத்தில் உறைந்து நிற்கும். சுரண்டும் தகட்டை உள்ளே விட்டுச் சுரண்டுவது கடினம். ஆனால் கழித்தல் 10 பாகைக் காற்றில் கனமீற்றருக்கு இரண்டு கிராம் சொச்சம் நீராவிதான் இருக்க முடியும் என்பதால், அந்த வெளிக்காற்றைச் சூடாக்கி உள்ளே விட்டால் அது பாலைவனக் காற்று. குளிருக்குப் பயந்து உள்காற்றையே சுழலவிடும் பொத்தானை அமுக்குகிறவர்கள்தான் மங்கலோடு நெடுநேரம் மல்லுக்கட்டுகிறார்கள்.

எங்கே நின்றாலும் சுடுநீரை மட்டும் ஊற்றக்கூடாது. கண்ணாடியின் சூடான மேற்பரப்பு விரிய, குளிர்ந்த அடி விரியாமல் நிற்க, இழுவிசை எகிறும். 1950, 60களின் பிரித்தானியக் கார்களில் பெரும்பாலும் இருப்பது வன்மையாக்கிய கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியைவிடச் சூட்டுமாற்றத்தைத் தாங்கும் என்றாலும், விளிம்பில் பழைய சின்ன உடைவு ஒன்று இருந்தால் அது முழுதும் ஒரே கணத்தில் ஆயிரம் துண்டுகளாகச் சிதறும். ஓடும்போது கல் பட்டாலும் அப்படித்தான்: உடைந்த கண்ணாடி சட்டத்தில் நின்றபடியே முழுக்க வெளுத்து, ஒன்றும் தெரியாமல் போய்விடும். மாற்றவேண்டி வந்தால் நடுவில் பிளாத்திக்குப் படலம் வைத்த லாமினேற் கண்ணாடியாகக் கேட்டுப் போடுங்கள். அது அடிபட்ட இடத்தில் மட்டும் கீறி நிற்கும், மிச்சத்தினூடாகப் பாதையைப் பார்த்து ஓரமாக நிறுத்தலாம். கூடவே புது பீடிங்கும் வாங்கிவிடுங்கள். கழற்றிய பழையதைத் திரும்பப் பூட்டினால் அடுத்த கார்த்திகையில் சணல் மெத்தை மறுபடியும் ஊறும்.